காத்திருக்கத் தெரிந்தவர்

சுந்தர்சிங்குக்குச் சிறுவயதிலிருந்தே திக்குவாய். எல்லாச் சொல்லும் திக்காது. ர, வ, ம என்று தொடங்கும் சொற்கள் ஓரளவு வந்துவிடும். க, ட, ப என்று தொடங்குபவை தொண்டையிலேயே நின்றுகொள்ளும். கிண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க்காக இருபத்திரண்டு வருடமாக வேலை பார்த்தார். அத்தனை வருடத்தில் மேஜைமேல் இருந்த டெலிபோனை அவர் எடுத்தது ஐந்தாறு தடவை இருந்தால் அதிகம். மணி அடித்தால் பக்கத்து மேஜைக்காரர் கையை நீட்டி எடுத்துவிடுவார். இரண்டு பேருக்கும் அது பழகிப்போயிருந்தது.

வீட்டில் அந்த வேலையை அவர் மனைவி ரத்தினபாய் செய்தாள். குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பு டீச்சர். படபடவென்று பேசுவாள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் காய்கறிக் கடையில் அவர் "க... க..." என்று நிற்க, "கத்திரிக்காய் அரைக் கிலோ குடுப்பா" என்று அவளே சொல்லி முடித்தாள். அவர் கேட்க நினைத்தது கருணைக்கிழங்கு. ஆனாலும் மறுக்கவில்லை. கத்திரிக்காயோடு வீட்டுக்கு வந்தார்கள். அதன் பிறகு இருபது வருடம் அவருடைய பாதி வாக்கியங்களை அவள்தான் முடித்துவைத்தாள். கேலியால் இல்லை. நாலு பேர் முன்னால் தன் புருஷன் திணறக் கூடாது என்று அவளுக்கு இருந்தது. அவரும் முதல் எழுத்தை மட்டும் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் தபீதாள். இளையவன் அசரியா, நாலு வயதில் இறந்துபோனான். எண்பத்து மூன்று நவம்பர். மூன்று நாளாக மழை. கிழக்குத் தாம்பரத்தில் அவர்கள் தெருவில் முழங்கால் வரை தண்ணீர். பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி உடம்பு தூக்கிப்போட ஆரம்பித்தது. நாலு தெரு தள்ளி இருந்த டாக்டரைக் கூட்டிவர சுந்தர்சிங் ஓடினார். திரும்பி வந்து டாக்டர் ஊரில் இல்லை என்றார். மறுநாள் காலை தண்ணீர் வடிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் பிள்ளைக்கு நினைவு போய்விட்டது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். அன்று சாயங்காலமே போய்விட்டான்.

அந்த டாக்டரை ரத்தினபாய் மன்னிக்கவே இல்லை. "ஊரே தண்ணில மெதக்கும்போது பேஷண்டை விட்டுட்டு ஒரு டாக்டர் எங்க போவாரு?" என்று வருடம் தவறாமல் கேட்டாள். அந்த டாக்டர் வீட்டுத் தெரு வழியாகப் போக மாட்டாள். சந்தைக்குப் போவதென்றால்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவாள். அவள் அப்படிப் பேசும்போதெல்லாம் சுந்தர்சிங் எழுந்து வெளியே போய்விடுவார்.

தொண்ணூற்று நாலு ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம், ஆசிரியர்கள் அறையில் வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்தபடியே ரத்தினபாய் சரிந்து விழுந்தாள். நாற்பத்தேழு வயது. ரத்தக் கொதிப்பு இருந்ததே யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்து வீட்டுக்கு வந்தபோது வலது கையும் காலும் விழுந்திருந்தன. பேச்சு போய்விட்டிருந்தது. முழுதாகவும் போகவில்லை. ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. "திங்கக்கெழமை."

தண்ணீர் வேண்டுமென்றாலும் திங்கக்கெழமை. வலிக்கிறது என்றாலும் திங்கக்கெழமை. மகளைப் பார்த்து அழும்போதும் அதே சொல்தான். ஏன் அந்தச் சொல் மட்டும் தங்கியது என்று ஆஸ்பத்திரி டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. "மத்தவங்க பேசுறது எல்லாம் அவங்களுக்குப் புரியும். சொல்ல வர்ற வார்த்தைதான் வெளியே வராது. போகப் போகத் திரும்பலாம். திரும்பாமலும் போகலாம்" என்றார்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். சர்ச்சிலிருந்து வந்தார்கள், பள்ளியிலிருந்து வந்தார்கள். அடுத்த வீட்டு சாமுண்டீஸ்வரி தினமும் ரசம் கொண்டுவந்தாள். ஆனால் எல்லாரும் காது கேளாதவளிடம் பேசுவதுபோலச் சத்தம் போட்டார்கள். அவள் உதட்டை அசைத்த உடனே ஆளுக்கொரு சொல் எடுத்துக் கொடுத்தார்கள்.

"தண்ணியா டீச்சர்?"

"ஃபேன் போடணுமா?"

"பாத்ரூமா? தபீதா, அம்மாவுக்கு பாத்ரூமாம், வா வா!"

ரத்தினபாய் கண்ணை மூடிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். தபீதாள் அப்போது பி.எஸ்சி. இரண்டாம் வருடம். அட்டைகளில் டம்ளர், தட்டு, சீப்பு என்று படம் வரைந்து அம்மாவின் இடது கையில் கொடுத்தாள். அம்மா அவற்றைத் தரையில் வீசினாள்.

சுந்தர்சிங் சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டுக் கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு முறம் நிறைய அவரைக்காயை வைத்துக்கொண்டு நார் உரித்தார். அவள் உதடு அசைந்தால் நிமிர்ந்து பார்ப்பார். வாயைப் பார்க்க மாட்டார், கண்ணைப் பார்ப்பார். பிறகு மறுபடி காயைப் பார்ப்பார். வாயையே பார்த்துக்கொண்டு ஒருவர் முன்னால் நின்றால் வருகிற சொல்லும் உள்ளே போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. தலையாட்டி உற்சாகப்படுத்தக் கூடாது. முக்கியமாக, முதல் எழுத்தைக் கேட்டதும் சொல்லை எடுத்துக் கொடுக்கக் கூடாது. காத்திருக்க வேண்டும், காத்திருப்பது எதிரில் இருப்பவருக்குத் தெரியவும் கூடாது. அதற்குக் கைக்கு ஒரு வேலை வேண்டும். இதெல்லாம் அவர் யாரிடமும் கற்றதில்லை. ஐம்பத்தோரு வருடமாக யாராவது தனக்கு இப்படிச் செய்ய மாட்டார்களா என்று அவர் ஏங்கியவைதான் இவை.

இரண்டு வாரத்தில் 'திங்கக்கெழமை'யில் அவருக்குப் பத்துப் பன்னிரண்டு அர்த்தங்கள் பிடிபட்டுவிட்டன. கடைசி எழுத்து மேலே ஏறினால் கேள்வி. நடுவில் வெட்டினால் வேண்டாம். மெதுவாக இழுத்தால் தபீதாள் இன்னும் காலேஜிலிருந்து வரவில்லையே என்ற கவலை. மூக்கால் வந்தால் சாமுண்டீஸ்வரியின் ரசம்.

ஒரு நாள் மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது வாயில் ரத்தினபாய் முகத்தைச் சுளித்தாள். ஏதோ சொல்ல வந்தாள். அவர் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுத் துண்டை மடிக்க ஆரம்பித்தார். மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். வெளியே ஒரு மின்சார ரயில் போய் ஓய்ந்தது.

"உப்... உப்..." என்றாள். நெற்றியில் வேர்வை. "உப்பு... இல்ல."

சுந்தர்சிங் சமையலறைக்கு ஓடினார். உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதார். காலேஜிலிருந்து அப்போதுதான் வந்த தபீதாள் பயந்துபோனாள்.

"என்னப்பா? அம்மாவுக்கு என்ன?"

"உ... உங்கம்மா... திட்டுறா" என்றார். சிரித்துக்கொண்டே அழுதார்.

அதற்குப் பிறகு சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. வாரம் இரண்டு நாள் ஆட்டோவில் அவளைக் கை கால் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். பயிற்சி கொடுக்கும் லோகநாயகி, அவர் ஒரு மூலையில் உட்கார்ந்து பஞ்சை உருட்டிக்கொண்டு மனைவி பேசுவதற்காகக் காத்திருப்பதைப் பார்த்தாள். ஒரு நாள் தபீதாளிடம் கேட்டாள்: "உங்கப்பா டீச்சராம்மா?"

"இல்ல மேடம். கிளார்க். அவருக்கே பேச்சு சரியா வராது."

"அதான்" என்றாள் லோகநாயகி.

அன்று ஆட்டோவில் திரும்பும்போது தபீதாள் அதை அப்பாவிடம் சொன்னாள். அவருக்குக் கூச்சமாக இருந்தது. தனக்கு ஒன்று தெரியும் என்று ஒருவர் சொல்லி அவர் கேட்டதே இல்லை. அதுவும் தன் குறையோடு சேர்ந்து பிறந்த ஒன்று. ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பல்லாவரம் தாண்டும் வரை திருப்பியே வைத்திருந்தார்.

அக்டோபர் கடைசியில் ரத்தினபாய் நாற்பது சொல் வரை பேசினாள். 'திங்கக்கெழமை' ஏறக்குறைய மறைந்துவிட்டது. பள்ளியிலிருந்து இரண்டு டீச்சர்கள் வந்தபோது "ஜன்னல்... சாத்து... சாரல்" என்று மூன்று சொல்லைக் கோத்துச் சொன்னாள். அவர்கள் கைதட்டினார்கள்.

நவம்பர் பதினொன்று வந்தது. அசரியாவின் நாள். வருடா வருடம் இரண்டு பேரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வருவார்கள். இந்த வருடம் அவளால் முடியாது. தபீதாள் மட்டும் பூ வாங்கிக்கொண்டு போயிருந்தாள். மழை விட்டு விட்டுப் பெய்தது. மத்தியானம் மூன்று மணி இருக்கும். ரத்தினபாய் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அச... அசரி... அசரியா" என்றாள். அந்தப் பெயர் அப்போதுதான் முதல் தடவை வந்தது. அவர் கையில் இருந்த சட்டையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். தையலை நிறுத்தவில்லை. அவள் இன்னும் முடிக்கவில்லை என்று தெரிந்தது.

நெடுநேரம் கழித்து, "டாக்... டாக்டர்... இல்ல" என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. வருடா வருடம் சொல்வதைத்தான் சொன்னாள். அவ்வளவு பாடுபட்டுத் திரும்பப் பெற்ற சொற்களில் இரண்டைச் செலவழித்து, அவர் அன்று சொன்ன பொய்யையே திரும்பச் சொன்னாள்.

சுந்தர்சிங் ஊசியைக் கீழே வைத்தார்.

"டா... டா... டாக்டர்... இ... இருந்தாரு ரத்தினா."

அவள் அவரைப் பார்த்தாள்.

இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது அவர் சொல்லி முடிக்க. அன்று அவர் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார். கம்பவுண்டர் கதவைத் திறந்தான். சுந்தர்சிங் தலையிலிருந்து தண்ணீர் ஒழுக, நடுங்கிக்கொண்டு நின்றார். 'டாக்டர்' என்ற சொல் வரவில்லை. 'பிள்ளை' வரவில்லை. 'காய்ச்சல்' வரவில்லை. மூன்றும் அவருக்கு எதிரிகள். வாய் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது, கை ஆடியது. "இன்னாய்யா, பட்டப்பகல்ல ஊத்திக்கினு வந்துட்டியா? டாக்டர் சாப்ட்டுக்கினு கீறாரு. போ போ" என்று கம்பவுண்டர் கதவைச் சாத்தினான். உள்ளே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. மறுபடி தட்டக் கையைத் தூக்கினார். எதிர் வீட்டு ஜன்னலில் இரண்டு பேர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். தூக்கிய கை இறங்கிவிட்டது. திரும்பி நடந்தார்.

இவ்வளவையும் அவளிடம் சொன்னார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அன்று வீட்டிலிருந்து கிளம்பும் முன்னால் "நீ... நீ..." என்று தொடங்கினார். நீ போ, உனக்குத்தான் பேச வரும், பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வந்தார். அவள் "நிக்காதீங்க, ஓடுங்க!" என்று முடித்துவிட்டாள். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அது தன்னோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இருபது வருடத்தில் முதல் தடவையாக ரத்தினபாய் அவரை முழுதாகப் பேச விட்டிருந்தாள். குறுக்கிட அவளுக்குச் சொல் இல்லை என்பதால் மட்டும் இல்லை. அவர் திக்கிய இடங்களில் அவள் கண்ணை எடுத்துப் போர்வையைப் பார்த்தாள். ஐந்து மாதமாக அவர் அவளுக்குச் செய்ததை அவருக்குத் திரும்பச் செய்தாள்.

முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மழை பிடித்துக்கொண்டது. அவள் உதடு அசைந்தது. அவர் காத்திருந்தார்.

"திங்கக்கெழமை" என்றாள்.

மூன்று வாரமாக அவள் வாயில் வராத சொல். ஏறவும் இல்லை, வெட்டவும் இல்லை, இழுக்கவும் இல்லை. அவர் அறிந்த எந்த விதத்திலும் அது சேரவில்லை. மன்னித்துவிட்டாளா? கண்முன்னால் நிற்காதே என்கிறாளா? எல்லாம் தெரியும் என்கிறாளா? அவருக்குப் பிடிபடவில்லை.

"எ... என்ன ரத்தினா?"

இன்னும் மெதுவாக அதையே சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு ஒன்பது நாள் இருந்தாள். அவர் கையால் சாப்பிட்டாள். தண்ணீர் கேட்டாள், போர்வை கேட்டாள், தபீதாளைப் பெயர் சொல்லி அழைத்தாள். அசரியாவைப் பற்றியோ டாக்டரைப் பற்றியோ ஒரு சொல் சொல்லவில்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவரைக்காய் உரித்தார், துணி மடித்தார், தைத்த பட்டனையே பிரித்துத் தைத்தார். பத்தாம் நாள் காலை தபீதாள் தலை வாரிவிடும்போது ரத்தினபாயின் தலை மகளின் கைமேல் சாய்ந்தது. அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகு சுந்தர்சிங் வேலைக்குத் திரும்பினார். போனார், வந்தார். யாரோடும் பேசவில்லை. திக்கக்கூட இல்லை. அவர் மனதுக்குள் ஒன்றே ஓடிக்கொண்டிருந்தது. அவரைக்காய் முறத்தோடு உட்கார்ந்தவனுக்கு இருந்த பொறுமை எண்பத்து மூன்றிலும் அவரிடம் இருந்ததுதானே? அந்தக் கதவுக்கு முன்னால் இன்னும் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் சொல் வந்திருக்கும். வந்தே தீரும், ஐம்பது வருட அனுபவம் அது. யார் திணறினாலும் காத்திருக்கத் தெரிந்தவர் தனக்காகக் காத்திருக்கவில்லை. தன்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது என்றே அப்போது தெரியாது. தெரிந்தபோது பிள்ளை போய்ப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

பிப்ரவரியில் லோகநாயகி வீட்டுக்கே வந்தாள். பம்மலில் தசரதன் என்று ஒருவன், முப்பத்து நாலு வயது, லாரி டிரைவர், அவனுக்கும் இதே வியாதி, வாயில் ஒரு கெட்ட வார்த்தை மட்டும் நிற்கிறது, கோபத்தில் பெண்டாட்டியைக் கடிக்கிறான் என்றாள். "நீங்க கொஞ்சம் வந்து உட்காரணும் சார்."

"எ... எனக்கே... பே... பேச வராது மேடம்."

அவர் முடிக்கும் வரை அவள் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "பேசத் தெரிஞ்சவங்க எல்லாரும் பேசிப் பார்த்துட்டோம் சார்."

அவருக்கு எரிச்சலாக வந்தது. இந்தப் பொறுமையைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் போய் யாருக்கு என்ன? தேவைப்பட்ட நாளில் உதவாத ஒன்று. தலையை ஆட்டி முடியாது என்றார். அவள் முகவரியை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போனாள். நாலு நாள் அந்தத் தாள் மேஜைமேல் கிடந்தது. தபீதாள் அதை எடுத்து வைக்கவும் இல்லை, போங்கள் என்று சொல்லவும் இல்லை. ஐந்தாம் நாள் சனிக்கிழமை. அவரே பஸ் ஏறிவிட்டார்.

தசரதன் வீடு ஒரு பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறை. அவன் மனைவி ஜெயக்கொடி கையில் பல் பட்ட தழும்போடு கதவைத் திறந்தாள். "வா சார். ஆஸ்பத்திரிலேந்து சொன்னாங்க. கிட்ட போவாத, திட்டும். மனசுல வெச்சுக்காத, அது தானா வருது அதுக்கு."

திட்டினான். சுந்தர்சிங் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. அங்கே கிடந்த வேர்க்கடலையை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். தசரதன் கத்தினான். ஓய்ந்தான். மறுபடி கத்தினான். உரித்த கடலையை அவர் அவனுடைய நல்ல கைப் பக்கம் தள்ளிவைத்தார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அவன் அதே கெட்ட வார்த்தையை வேறு தொனியில் சொன்னான். சுந்தர்சிங் எழுந்து ஜன்னலைத் திறந்தார். அவன் வாயை மூடிக்கொண்டு அவரையே பார்த்தான்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் போனார். ஏப்ரலில் தசரதன் "கொடி" என்றான். ஜெயக்கொடி அடுப்படியிலிருந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளை அப்படித்தான் கூப்பிடுவானாம்.

அன்று அவரைப் பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிட வந்தாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். "சார், உங்க வூட்டம்மாவுக்கும் நீதான் பேச்சு வரவெச்சியாமே? ஆஸ்பத்திரி அம்மா சொல்லிச்சு. கடசீல இன்னா சார் பேசுனாங்க உன்கிட்ட?"

சுந்தர்சிங் நின்றார். வாயைத் திறந்தார். அவள் அவசரப்படவில்லை. இரண்டு மாதம் அவரைப் பார்த்ததில் அவளுக்கும் அது வந்திருந்தது. தலையைத் திருப்பி ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பஸ் வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போயிற்று. இன்னொன்றும் போயிற்று.

இந்தத் தடவை தடுத்தது நாக்கு இல்லை. "தெ... தெரியலம்மா" என்றார். "அவ சொன்னா. எனக்குத்தான் புரியல."

ஜெயக்கொடி அவர் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு விட்டாள். தாம்பரம் பஸ் வந்தது. கூட்டம். உள்ளே ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் பக்கத்தில் வந்து எங்கே என்று கேட்டான். "தா... தா..." என்றார். பின்னாலிருந்து யாரோ "தாம்பரம்" என்று எடுத்துக் கொடுத்தார்கள். சுந்தர்சிங் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கண்டக்டரையே பார்த்தபடி நின்று, தானே சொல்லி முடித்தார்.